வீட்டு லெட் ஆசிட் பேட்டரியை நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பர்மாவில், ரங்கூனில் இன்வர்ட்டரோடு லெட் ஆசிட் பேட்டரி (ஈயத் தகடும் ஆசிட்டும் உள்ளது) வைத்திருப்பவர்களுக்கும், தாட்டோன், மோல்மேன் பக்கம் சோலார் தகட்டோடு வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர் வீடுகளிலும் கோயில் மைக்செட்டுக்கும் பேட்டரி மாட்டிக் கொடுத்துப் பார்த்துப் பழகியவன் நான். மூன்று நான்கு வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி ஒரு வருடத்தில் படுத்துவிட்டால், "பொருள் மட்டம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான வீடுகளில் நான் பார்த்த காரணம் வேறு. அந்தப் பேட்டரி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வயிறு நிறையச் சார்ஜ் ஆகியிருக்காது.

பராமரிப்பில் என்ன செய்கிறோம் என்பதைப் போலவே எதை முதலில் செய்கிறோம் என்பதும் முக்கியம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

மேலே ஆறு மூடிகள் திருகிக் கழற்றும்படி இருந்தால் அது திறந்த வகை, தண்ணீர் ஊற்றும் பேட்டரி. மூடியே இல்லாமல் தட்டையாக இருந்தால் சீல் வைத்த வகை. ஜெல் பேட்டரியும் இதில் சேரும். சீல் வைத்ததைத் திறக்கவே கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. அதற்குக் கீழே உள்ள 5, 8, 10 ஆகிய பகுதிகளும் ஹைட்ரோமீட்டர் அளவுகளும் வேண்டாம், மற்றவை பொருந்தும்.

கார், லாரிக்கான பேட்டரியை வீட்டு விளக்குக்கு வாங்குபவர்கள் இங்கே நிறைய. அதன் உள்ளே இருக்கும் பிளேட்டுகள், அதாவது ஈயத் தகடுகள், மெல்லியவை. சில விநாடி பெரிய ஆம்பியர் கொடுத்து என்ஜினைக் கிளப்பவே செய்யப்பட்டவை. தினம் மணிக்கணக்கில் இறக்கி ஏற்றினால் சீக்கிரம் உதிர்ந்துபோகும். வீட்டுக்குத் தடித்த பிளேட் உள்ள, டியூபுலர் என்று சொல்கிற வகைதான் ஏற்றது. விலை அதிகம்தான், ஆனால் இரண்டு தடவை மலிவாக வாங்குவதைவிட இது லாபம்.

2. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, சரியான அளவு ஸ்பேனர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், ஆப்பசோடா, வேசலின், டிஸ்டில்டு வாட்டர், பிளாஸ்டிக் புனல், ஒரு வாளி சுத்தமான தண்ணீர், ஒரு சிறு நோட்டு.

இதில் ஹைட்ரோமீட்டரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிட்டை உறிஞ்சி, அது தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் கருவி அது. மல்டிமீட்டர் பேட்டரியின் வோல்ட்டேஜை மொத்தமாகத்தான் காட்டும். பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில், அதாவது செல்களில், எது நோயாளி என்று ஹைட்ரோமீட்டர்தான் காட்டிக்கொடுக்கும். தயவுசெய்து ஒன்று வாங்கிவிடுங்கள்.

நல்ல கைலியோடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள். பருத்தித் துணியில் ஒரு சொட்டு ஆசிட் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை தெரியும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஒயர் மாட்டும் முனைகளான இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் உலோகம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

3. இடத்தைச் சரிசெய்யுங்கள்

பேட்டரியைத் தொடும் முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது திறந்த பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். அது காற்றைவிட இலேசானது, நேராக மேலே போகும்.

நம் வீடுகளில் நான் பார்த்துப் பயந்த ஒன்றைச் சொல்கிறேன். ரங்கூனில் ஒடுங்கிய நீள வீடுகள், இடம் கிடையாது. சாமி அலமாரிக்குக் கீழே காலியாக இருக்கிறதே என்று பேட்டரியை அங்கே தள்ளிவிடுகிறார்கள். மேலே விளக்கும் ஊதுபத்தியும் எரிகின்றன, கீழே பேட்டரி கொதிக்கிறது. இதைவிட ஆபத்தான இடம் வீட்டில் கிடையாது. இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு, சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஜன்னல் பக்கம், வெயில் படாத இடம், தரையிலிருந்து ஒரு பலகை உயரம். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. பலகை வைக்கச் சொல்வது மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வருவதால்.

சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டரியின் சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே பரண்மேல் வைத்த பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது என்பதற்கு இதுதான் பதில்.

4. கழற்றுங்கள், துடையுங்கள்

முதலில் சார்ஜரையும் இன்வர்ட்டரையும் அணையுங்கள். அப்புறம் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். காரில் வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் உடம்பில் இடித்தால் பெரிய பொறி பறக்கும். வீட்டிலும் இதே பழக்கத்தை வைத்துக்கொண்டால் கை மறக்காது.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருப்பதை ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தால் நுரைத்து வந்துவிடும். மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட்டையே கெடுத்துவிடும். மேல்பரப்பையும் துடைத்துக் காயவிடுங்கள். ஈரமும் தூசியும் படிந்த மேல்பரப்பு வழியாகவே சார்ஜ் மெல்லக் கசியும்.

கிளாம்பை இறுக்கி மாட்டிய பிறகுதான் வேசலின் தடவ வேண்டும். முதலிலேயே தடவிவிட்டு மாட்டுகிறார்கள். ஈயமும் ஈயமும் நேராகத் தொட்டுக்கொள்ள வேண்டும், பூச்சு வெளியில் காற்றுப் படாமல் காக்க மட்டும்.

5. சார்ஜுக்கு முன் தண்ணீரை எட்டிப் பாருங்கள், நிரப்பாதீர்கள்

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மூடியைத் திறக்கிறார்கள், தண்ணீர் குறைவாகத் தெரிகிறது, கழுத்து வரை ஊற்றிவிடுகிறார்கள், அப்புறம் சார்ஜில் போடுகிறார்கள். சார்ஜ் ஏற ஏற உள்ளே திரவம் உயரும், குமிழியும் வரும். மறுநாள் காலையில் பலகை முழுக்க ஆசிட். என் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் மரத்தரை கறுத்துப்போனது.

வழிந்தது தண்ணீர் மட்டும் என்றால் கவலை இல்லை. ஆசிட்டும் சேர்ந்து போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்த செல் பழைய பலத்துக்கு வராது.

எனவே இப்போது பார்க்க வேண்டியது ஒன்றே. பிளேட்டுகள் மூழ்கியிருக்கின்றனவா? மூழ்கியிருந்தால் மூடிவிடுங்கள். மேல் விளிம்பு வெளியே தெரிந்தால், அது மறையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். காற்றுப்பட்ட பிளேட்டைச் சார்ஜ் செய்தால் அந்தப் பகுதி கெட்டுவிடும், அதனால்தான் இந்த அளவு.

6. முழுச் சார்ஜ்

இந்த வழிகாட்டியின் நெஞ்சு இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேட்டரி கரண்டைக் கொடுக்கும்போது பிளேட்டுகளின் மேல் லெட் சல்பேட் படிகிறது. சார்ஜ் செய்தால் அது மறுபடி கரைந்துவிடும். முழுதாகச் சார்ஜ் செய்யாமல் விட்டால் மீதியுள்ள படிவு நாள்பட நாள்பட இறுகிப் பளிங்கு மாதிரி ஆகிவிடும். அதன்பின் எந்தச் சார்ஜருக்கும் அது அசையாது. பேட்டரி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வரும்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 100 ஆம்பியர் அவர் பேட்டரி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு), பாதி இறங்கிவிட்டது என்று வைப்போம். திருப்பி வைக்க வேண்டியது 50. சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 60 அளவுக்குக் கொடுக்க வேண்டும். 10 ஆம்பியர் சார்ஜருக்கு ஆறு மணி நேரம் என்று தோன்றும். ஆனால் பேட்டரி ஐந்தில் நான்கு பங்கு நிறைந்த பிறகு, உள்ளே வாங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். கடைசிப் பங்குக்கு மட்டும் சில மணி நேரம் பிடிக்கும். மொத்தம் எட்டு, பத்து மணி நேரம்.

கரண்ட் முறை வைத்து நாலு மணி நேரம் வந்து போகும் நாளில் இது நடக்கவே நடக்காது. 40 உள்ளே போகும், கரண்ட் போனதும் அதையே எடுத்துவிடுவோம். கடைசிப் பங்கு எப்போதும் பாக்கி. அந்தப் பாக்கிதான் பேட்டரியைக் கொல்கிறது.

நான் செய்வது இது. வாரத்தில் ஒரு நாளைப் பேட்டரிக்கென்று ஒதுக்குகிறேன். அன்று கரண்ட் போன நேரத்திலும் பேட்டரியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஒரு கைவிளக்கோடு சமாளிக்கிறோம். இரண்டு மூன்று முறை கரண்ட் வந்து போனாலும், நடுவில் எடுக்காவிட்டால் சார்ஜ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நிறைந்துவிடும். வீட்டில் முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

சார்ஜரின் ஆம்பியர், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. கரண்ட் குறைந்த நேரமே வரும் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம், சூடேறும்.

வோல்ட்டேஜையும் அளந்து பாருங்கள். திறந்த 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றும்போது 14.4 முதல் 14.8 வரை வர வேண்டும். நிறைந்த பின் தொடர்ந்து மாட்டி வைப்பதென்றால் 13.5 முதல் 13.8. ஜெல் வகைக்கு 14.1ஐத் தாண்டக் கூடாது. இந்த எண்கள் 25 டிகிரிக்கு. ஏப்ரலில் 35 டிகிரி என்றால் கால் வோல்ட் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக வற்றும்.

பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கரண்ட் 230லிருந்து 180க்கு இறங்கினால் அந்தச் சார்ஜர் தரும் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஏசியும் ஓடும்போது ஆறு மணி நேரம் மாட்டியிருந்தும் பேட்டரி ஏறாததற்குக் காரணம் அதுதான். நள்ளிரவில் வோல்ட்டேஜ் நிமிரும்போது அதே சார்ஜர் நிறுத்தாமல் கொதிக்கவும் வைக்கும். தானாக நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்றுக்கு மாறுவது நல்லது. முடியாதவர்கள் மல்டிமீட்டரோடு காவல் இருங்கள்.

பச்சை விளக்கை நம்பாதீர்கள். மலிவான இன்வர்ட்டர்களில் வோல்ட்டேஜ் ஏறியதுமே பச்சை எரியும். நிறைந்ததற்கு நம்பத்தக்க அடையாளம் இரண்டு. ஒன்று, 14.4 வோல்ட்டில் நிற்கும்போது உள்ளே போகும் கரண்ட், 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் 2, 3 ஆம்பியராகக் குறைந்திருக்கும். இன்னொன்று, ஒரு மணி நேர இடைவெளியில் ஹைட்ரோமீட்டரில் மூன்று தடவை பார்த்தால் எண் ஏறாமல் நிற்கும்.

7. ஆறவிட்டு அளந்து எழுதுங்கள்

சார்ஜரைக் கழற்றி, எதையும் எடுக்காமல் மூன்று மணி நேரமாவது விடுங்கள். உடனே அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது மேலோட்டமான வோல்ட்டேஜ். ஆறிய பின் 12.6 அல்லது 12.7 இருந்தால் முழுமை. 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி.

அடுத்து ஹைட்ரோமீட்டர். முழுச் சார்ஜில் சாதாரணமாக 1.265 காட்டும். பாதியில் 1.190. டியூபுலர் சிலவற்றில் முழு அளவே 1.240தான், பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி 35 டிகிரி சூட்டில் இருந்தால் காட்டும் எண்ணோடு 0.007 கூட்டுங்கள்.

ஆறு செல்லையும் வரிசையாக நோட்டில் எழுதுங்கள், தேதியோடு. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030க்கு மேல் குறைந்திருந்தால் அதன்மேல் கண் வையுங்கள். 10ஆவது பகுதியில் சொல்வதைச் செய்த பிறகும் 0.050 குறைந்தே நின்றால் அந்த செல் போய்விட்டது, பேட்டரியும் அதன் பின்னாலேயே போகும்.

தண்ணீர் ஊற்றும் முன் அளப்பதற்குக் காரணம் உண்டு. புதுத் தண்ணீர் உடனே கலக்காமல் மேலேயே நிற்கும். அப்போது உறிஞ்சிப் பார்த்தால் நல்ல பேட்டரியும் செத்த பேட்டரியாகத் தெரியும். அதை நம்பிப் புதுப் பேட்டரி வாங்கியவரை எனக்குத் தெரியும்.

8. இப்போது தண்ணீர்

பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஊற்றுங்கள், அல்லது பெட்டியில் உள்ள கோடு வரை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

20 லிட்டர் குடிநீர் கேனிலிருந்து ஊற்றுகிறார்கள். அது நாம் குடிக்கச் சுத்தம், பேட்டரிக்குச் சுத்தமில்லை. காய்ச்சிய தண்ணீரும் உதவாது, காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தகரக் கூரையில் பிடித்த மழைநீரில் துருவும் தூசியும் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் செம்பும் அலுமினியமும் கலந்திருக்கும். ஒரு புட்டி டிஸ்டில்டு வாட்டரின் விலை மிகச் சிறியது, இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. "எண் குறைவா இருக்கு, கொஞ்சம் ஆசிட் விட்டா ஏறிடும்" என்று கடையில் சொல்வார்கள். எண் ஏறும், பிளேட் அரிக்கும். எண் குறைந்திருந்தால் அது சார்ஜுக்கான பசி. கடையில் விற்கும் உயிர்ப்பிக்கும் பொடிகளும் வேண்டாம்.

9. எவ்வளவு எடுக்கலாம்

பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். ஆழமாக இறக்க இறக்க, பேட்டரி எத்தனை தடவை இறக்கி ஏற்றத் தாங்கும் என்ற எண்ணிக்கை குறையும்.

ஒரு மின்விசிறி 50 வாட், நாலு எல்இடி விளக்கு 40, வைஃபை பெட்டி 10, ஆக 100 வாட். இன்வர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் போகும். நாலு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் அவர். 100 அளவுள்ள பேட்டரிக்கு இது சரி. கரண்டில் ஓடும் சோற்றுப் பானையை மாட்டினால் ஒரே சமையலில் கணக்குக் கவிழும்.

இன்வர்ட்டர் 10.5 வோல்ட்டில் கத்தி நிற்கும்வரை ஓட்டுவது மோசமான பழக்கம். அதற்கு வெகு முன்பே பேட்டரி காலி. ஓடும்போது 11.8 வந்தால் நிறுத்துங்கள்.

10. மாதம் ஒருமுறை கொதிக்க விடுவது

திறந்த வகைக்கு மட்டும். பாதிச் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியில் கனமான ஆசிட் அடியில் தங்கி, மேலே நீர்த்துப்போகும். முழுச் சார்ஜுக்குப் பிறகு, குறைந்த ஆம்பியரில், 100க்கு 4 அல்லது 5 ஆம்பியர், 15 வோல்ட்டைச் சற்றுத் தாண்டும் அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் குமிழி கிளம்பிக் கலக்கிவிடும். பின்தங்கிய செல்லும் ஏறி வரும்.

இன்வர்ட்டரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், அதிக வோல்ட் அதைக் கெடுக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பெட்டியில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள்.

11. வெயில் காலம், மழைக் காலம், ஊருக்குப் போகும் நாள்

மார்ச் முதல் மே வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பாருங்கள். திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறைக்குக் கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும்.

சோலார் வீடுகளுக்கு ஆபத்து மழைக்காலத்தில். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகம் கலையாது, தகடு தருவது சொற்பம். ஆனால் வெயில் காலத்தில் எரித்த அதே விளக்குகளை எரிப்போம். அந்த மாதங்களில் செலவைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்தாவது நிறைத்து வாங்குங்கள்.

நீண்ட நாள் பூட்டிவிட்டுப் போவதென்றால் முழுச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். சும்மா கிடந்தாலும் சார்ஜ் தானாக இறங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. மாதம் ஒருமுறை யாராவது வந்து ஏற்றினால் நல்லது.

12. இரண்டு பேட்டரி சேர்ப்பதும் பழையதை அனுப்புவதும்

பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். பலவீனமானது பலமானதையும் தன்னோடு இழுத்துவிடும். ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். பாசிட்டிவோடு பாசிட்டிவையும் நெகட்டிவோடு நெகட்டிவையும் சேர்த்து இரண்டையும் பக்கவாட்டில் கட்டினால், இன்வர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். இரண்டும் சமமாக உழைக்கும். பேட்டரிக்கு மிக அருகில் ஒரு ப்யூஸ் போட மறக்காதீர்கள்.

முழுச் சார்ஜ் ஏறியும் அரை மணியில் இன்வர்ட்டர் கத்தினால், ஒரு செல் மட்டும் கொதித்துக் கொண்டே இருந்தால், பெட்டி உப்பினால் அதோடு போராட வேண்டாம். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஈயத்துக்காக வீட்டில் உடைத்து உருக்கவே கூடாது, ஈயப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மூடிகளை இறுக்கி, நிமிர்த்தி வைத்து, இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டிப் பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பழையதை எடை போட்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். புதியதை வாங்கி வந்ததும் இன்வர்ட்டரில் மாட்டாமல், முதலில் 6ஆவது பகுதியில் சொன்னபடி ஒரு முழுச் சார்ஜ் செய்யுங்கள். கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாது.